விருந்தினர் விலகும் வீடு



எங்கள் திருச்சுழி சிறிய ஊர். வானம் பார்த்த பூமியின் நடுவே, குண்டாற்றின் கரையில் அமைந்த ஊர். திருமேனிநாதர் கோயிலும், அதனை அடுத்து 1879-ஆம் ஆண்டில் இரமண மகரிஷி பிறந்த இல்லமும் வெளியூராரை இங்கே அழைத்து வருகின்றன. நீரின்றி வறண்ட எங்கள் ஆற்றையும், கருவேல் மண்டிய எங்கள் கண்மாய்களையும் காண எவரும் கடல் கடந்து வருவதில்லை. ஆயினும் குளிர்காலம் பிறந்துவிட்டால், வெண்ணிற ஆடை அணிந்த வெளிநாட்டினர் சிலரை எங்கள் தெருவில் காணலாம்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை, அத்தகைய அம்மையார் ஒருவரும் அவர்தம் கணவரும் கோயில் வாயிலில் நின்று வழி வினவினர். அறிந்த ஆங்கிலத்தில் நான் வழி சொன்னேன். உரையாடல் வளர்ந்தது. “இந்தியாவுக்கு வருமுன் இலங்கையில் இரண்டு வாரம் தங்குவதாக இருந்தோம். பயணச் சீட்டும் வாங்கியிருந்தோம். ஜூலை மாதத்தில் அதனை ரத்துச் செய்துவிட்டோம்” என்றார் அம்மையார். காரணம் என்ன என்று கேட்டேன். “அந்நாட்டு மக்களே உணவுக்கும் எண்ணெய்க்கும் தெருவில் வரிசையாக நிற்கும் வேளையில், நாங்கள் சென்று விடுதியில் அமர்ந்து எவ்வாறு உண்பது?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. ஒரு நாட்டிற்கு விருந்தினர் ஏன் வருகின்றனர், ஏன் வராமல் விலகுகின்றனர் என்பதைப் பற்றி அன்றுதொட்டுப் பலகால் சிந்தித்து வந்திருக்கிறேன். அச்சிந்தனையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆதலால் நமக்கு நன்கு தெரிந்த அண்டை வீடாகிய இலங்கையையே எடுத்துக்கொள்கிறேன். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு இலங்கை வேற்று நாடாகத் தோன்றியதே இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டாரத்து ஏழை எளியோர் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குக் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். 1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, ரெயிலில் ஏறிக் கப்பலில் மாறிக் கொழும்பு சேர்வது எங்கள் பாட்டன்மாருக்குச் சென்னைக்குச் செல்வதைப் போன்ற பயணமாகவே இருந்தது. ‘கொழும்புக்காரர் வீடு’ என்று பெயர் பெற்ற வீடுகள் இப்பக்கத்து ஊர்களில் பல உண்டு.

அந்நாட்டின் வளத்தைச் சற்றே நோக்குவோம். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. அப்பாதி அளவிற்குள் இயற்கை எத்தனையோ செல்வங்களை அடைத்து வைத்திருக்கிறது. காலையில் கடலில் நீராடியவர் மாலையில் நுவரெலியாவின் குளிரில் கம்பளி போர்த்தலாம். சிகிரியாக் குன்றின் மேல் ஓவியம் காணலாம். அநுராதபுரத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தாதுகோபங்களைக் காணலாம். யால வனத்தில் சிறுத்தையைக் காணலாம். காலியில் கடலை ஒட்டி நிற்கும் கோட்டையைக் காணலாம். மேற்குக் கரையில் மழை பெய்யும் மாதங்களில் கிழக்குக் கரை வெயில் காயும். கிழக்கில் மழை தொடங்கும்போது மேற்கு தெளிந்துவிடும். ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஏதேனும் ஒரு கரை விருந்தினரை வரவேற்கக் காத்திருக்கும். இத்தகைய வாய்ப்பு எல்லா நாடுகளுக்கும் கிட்டுவதன்று.

1966-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு சுற்றுலாவுக்கென்று தனி வாரியம் ஒன்றை அமைத்தது. வெளிநாட்டினரை அங்கே ‘உல்லாசப் பிரயாணிகள்’ என்பர். அவ்வாண்டில் வந்தோர் 19,000 பேர்கூட இல்லை. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1982-ஆம் ஆண்டில் வந்தோர் 4,07,230 பேர். ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில் வெயில் தேடி வந்தவரே அவருள் பலர். கடற்கரைதோறும் விடுதிகள் எழுந்தன. மீன் பிடித்தவர் மீனை விடுதிக்கு விற்றார்; அவர் மகன் அங்கே பரிமாறுபவனானான்; மருமகன் வாடகை வண்டி ஓட்டினான். ஒரு விருந்தினர் வந்தால் பத்துக் குடும்பத்தின் அடுப்பு எரியும் என்பது அக்காலத்தில் அங்கே கண்கூடாகத் தெரிந்த உண்மை.

அதன்பின் 1983 வந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்து இறுதி வாரத்தில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின, உயிர்கள் பலியாயின. அக்கொடுமையை ‘கறுப்பு ஜூலை’ என்று உலகம் அறியும். அவ்வாண்டு வந்த வெளிநாட்டினர் தொகை 3,37,530 ஆகக் குறைந்தது. போர் மூண்டது. 1987-இல் வந்தவர் 1,82,620 பேரே. ஐந்தே ஆண்டுகளில் பாதிக்கும் மேலானோர் மறைந்துவிட்டனர். 1982-இல் கண்ட தொகையை மீண்டும் காண 1994-ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் காலம் அது.

இவ்விடத்தில் என் பணிக்காலத்து அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும். 1990-ஆம் ஆண்டில் இலங்கையில் மறுபடியும் போர் மூண்டபோது, படகேறி இராமேசுவரம் வந்த குடும்பங்கள் பல, எங்கள் மாவட்டத்து முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டன. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் குல்லூர்சந்தை முகாம் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் நான் பணியாற்றிய பள்ளியில், முகாமிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். படிப்பில் கெட்டிக்காரன். ஆனால் பட்டாசுச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். மற்றப் பிள்ளைகள் முதலில் சிரித்தனர். பிறகு காரணம் அறிந்து சிரிப்பதை விட்டுவிட்டனர்.

அவனுடைய தந்தையார் ஒருநாள் என்னைக் காண வந்தார். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில், விடுதி ஒன்றில் சமையற்காரராக இருந்தவர். செர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் தம் மீன் குழம்பை விரும்பி உண்டதைப் பெருமையோடு சொல்லுவார். இங்கே அவர் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். அக்கடற்கரை இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டேன். “கடல் அப்பிடியேதான் கிடக்குது, சேர். சனந்தான் இல்லை” என்றார்.

வெளிநாட்டினர் ஏன் வராமற் போயினர் என்பதற்கு அவர் கூறிய விடையை நான் இன்றும் மறக்கவில்லை. “வெள்ளைக்காரன் பேப்பர் படிச்சுப் போகேல்லை, சேர். எங்கட முகத்தைப் பாத்துத்தான் போனவன். சாப்பாடு வைக்கிறவன்ர கை நடுங்கினால், சாப்பிடுறவனுக்கு எப்பிடி இறங்கும்?” என்றார் அவர். நூறு நூல்கள் விளக்கக்கூடிய உண்மையை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும், உபசரிப்பவர் முகம் சற்று மாறினாலே விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்றன்றோ எச்சரித்தார்? முகம் மாறுவதற்கே வாடும் விருந்தினர், முகத்தில் அச்சத்தைக் கண்டால் தங்குவாரா?

கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் இரு வரிசைகளை எழுதி ஒப்பிடுவது போல, நாமும் சில எண்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தோர் 4,00,414 பேர். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. அவ்வாண்டு வந்தோர் 3,36,794 பேர். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டாகிய 2003-இல் வந்தோர் தொகை 5 லட்சத்தைத் தாண்டிற்று. துப்பாக்கி ஓய்ந்ததும் விருந்தினர் திரும்பினர். இடைப்பட்ட காலத்தில் கடற்கரை நீளவில்லை, மலை உயரவில்லை, புதிய சிகிரியா எதுவும் முளைக்கவில்லை.

அடுத்த ஒப்பீடு இன்னும் வியப்பானது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கிலும் தெற்கிலும் கடற்கரை விடுதிகள் பல இடிந்து போயின. அடுத்த ஆண்டு எவரும் அப்பக்கம் தலைகாட்ட மாட்டார் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் 2004-இல் வந்தவர் 5,66,202 பேர். 2005-இல் வந்தவர் 5,49,308 பேர். குறைந்தது 17,000 மட்டுமே. உதவிப் பணிக்கு வந்தோரும் அத்தொகையில் அடங்குவர் என்பது உண்மையே. எனினும், கடல் பொங்கிய நாட்டிற்கு மனிதர் வரத் தயங்கவில்லை என்பது தெளிவு. பிறகு போர் மீண்டும் மூண்டது. 2007-இல் வந்தோர் தொகை 4,94,008 ஆகவும், 2008-இல் 4,38,475 ஆகவும் இறங்கிற்று. அவ்விரண்டு ஆண்டுகளிலும் கடல் அமைதியாகவே இருந்தது. ஆழிப்பேரலையால் விலகியவரினும் போரால் விலகியவரே மிகுதி.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? இயற்கையின் சீற்றத்தை விருந்தினர் மன்னித்துவிடுவர். புயல் அடிக்கும், ஓயும். வீட்டுக்காரர் கூரையைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் வாயிலில் கோலம் இடுவார். ஆனால் வீட்டினுள் அண்ணனும் தம்பியும் கத்தி எடுத்தால், விருந்தினர் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமற் கொள்ளாமற் புறப்பட்டுவிடுவர்.

போர் 2009-இல் முடிந்தது. முடிந்த விதத்தையும், அப்போது மாண்ட பல்லாயிரவரையும் நினைத்தால் நெஞ்சு கனக்கும். விருந்தினர் தொகை மட்டும் ஆண்டுதோறும் ஏறிற்று. 2018-இல் 23,33,796 பேர் வந்தனர். அவ்வாண்டில் அவர்களால் நாட்டிற்குக் கிடைத்த அந்நியச் செலாவணி ஏறக்குறைய 438 கோடி டாலர். இனி இடர் இல்லை என்று பலரும் நம்பினர்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய மூன்று ஊர்களின் தேவாலயங்களிலும், கொழும்பின் பெரிய விடுதிகள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. இறந்தோர் 260-க்கு மேற்பட்டவர். அவருள் 40-க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர். காலை உணவுக்கு அமர்ந்த இடத்திலேயே உயிர் துறந்தவரும் அவருள் உண்டு. முந்தைய ஆண்டு மே மாதத்தில் 1,29,466 பேர் வந்திருக்க, 2019 மே மாதத்தில் வந்தவர் 37,802 பேர் மட்டுமே. நூற்றுக்கு எழுபது பேர் ஒரே மாதத்தில் விலகினர்.

இதில் வருந்தத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. இத்தகைய தாக்குதல் நிகழக்கூடும் என்ற எச்சரிக்கை அந்நாட்டு அதிகாரிகளுக்கு முன்னரே இந்தியாவிலிருந்து சென்றிருந்தது. அது தக்கவாறு கவனிக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன தம் கடமையில் தவறினார் என்று கண்டு, பாதிக்கப்பட்டோருக்கு 10 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. மேலிடத்தில் இருந்தவர் கடிதத்தைப் படித்துச் செயலாற்றத் தவறினர். விடுதி வாயிலில் நின்ற காவலாளியும், தெருவோரம் செவ்விளநீர் விற்றவரும், முச்சக்கர வண்டி ஓட்டியவரும் பல மாதம் வருமானம் இழந்தனர். தவறு ஓரிடத்தில், தண்டனை ஓரிடத்தில்.

அதன்பின் வந்த பெருந்தொற்று உலகத்தின் கதவுகளையே மூடிவிட்டது. 2021-இல் இலங்கைக்கு வந்தோர் 1,94,495 பேர்தாம். 438 கோடி டாலர் ஈட்டித் தந்த தொழில் அவ்வாண்டில் 50 கோடி டாலர் அளவே தந்தது. இக்குறைவிற்கு அந்நாட்டைக் குறைகூறுவது நியாயமன்று. ஆயினும், பஞ்ச காலத்திற்கென்று நெல்லைச் சேர்த்து வையாத வீட்டில் பஞ்சம் இருமடங்காகச் சுடும் அல்லவா? வெளிநாட்டுக் கடன் முன்னமே தலைக்குமேல் ஏறியிருந்தது. 2019 இறுதியில் அரசு வரிகளைக் குறைத்தது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது; விளைச்சல் வீழ்ந்தது; பல மாதங்களுக்குப் பின்னர்த் தடையை நீக்கியது. இவையெல்லாம் ஒன்றுசேர, எண்ணெய் வாங்கவும் மருந்து வாங்கவும் டாலர் இல்லை என்ற நிலை வந்தது.

2022 மார்ச்சு மாதத்தில் 1,06,500 பேர் வந்திருந்தனர். தொற்றுக்குப் பின் நல்ல தொடக்கம் அது. ஆனால் அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை. மே மாதத்தில் வந்தோர் 30,207 பேர். ஜூலையில் மக்கள் வெகுண்டெழுந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் புகுந்தனர்; கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறினார். திருச்சுழிக் கோயில் வாயிலில் நான் கண்ட அம்மையார் சீட்டை ரத்துச் செய்தது அந்த மாதத்தில்தான். இங்கே ஒரு சுழற்சியைக் காண்கிறோம். விருந்தினர் வராமையால் டாலர் இல்லை. டாலர் இல்லாமையால் எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாமையால் விருந்தினர் வருவதில்லை. செக்கு மாடு சுற்றுவதைப் போல நாடே சுற்றி நின்றது.

பெரிய காரணங்களைச் சொன்னேன். சிறிய காரணங்களும் உள. அவற்றை இகழ்தல் ஆகாது. மரத்தைப் புயலும் சாய்க்கும், கறையானும் சாய்க்கும்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நண்பர் மூவருடன் மதுரையிலிருந்து விமானம் ஏறி நான் இலங்கை சென்று வந்தேன். முதல் நாளே, முச்சக்கர வண்டி ஓட்டி ஒருவர் எங்களிடம் மூன்று மடங்கு கூலி வாங்கிவிட்டார். வாதிட்டுப் பயன் இல்லை. அன்று முழுதும் எங்கள் பேச்செல்லாம் அவரைப் பற்றியே. மறுநாள் கண்டியில், சிங்களப் பெரியவர் ஒருவரின் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். நாங்கள் இராமநாதபுரத்துப் பக்கம் என்பதையும், ஆசிரியர் என்பதையும் அறிந்ததும், அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். தம் மகளும் ஆசிரியை என்று கையசைவாலும் அரைகுறைத் தமிழாலும் தெரிவித்தார். ஊர் திரும்பிய பின் எங்களுள் ஒருவர் பத்துப் பேரிடம் பயணக் கதை கூறினார். பத்துப் பேரிடமும் அவர் முதலில் கூறியது கூலிக் கதையையே. தேநீர்க் கதை நான் நினைவூட்டிய பிறகே வந்தது. மனித மனத்தின் இயல்பு அது. ஒருவர் செய்த வஞ்சகத்தை மறைக்க நூறு பேரின் நேர்மை தேவைப்படுகிறது.

வாயிலிலேயே தடுமாற வைப்பதும் அத்தகைய குற்றமே. நாங்கள் திரும்பி வந்த சில மாதங்களில், நுழைவு அனுமதி வழங்கும் பொறுப்பை அந்நாட்டு அரசு வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. கட்டணம் கூடிற்று, குழப்பம் கூடிற்று, கூக்குரல் எழுந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்வேற்பாட்டை நிறுத்திவைத்தது. பின்பு பழைய முறையே திரும்பிற்று. கதவைத் தட்டும் விருந்தினரிடம் முதலில் காசை நீட்டச் சொன்னால், அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். உலகில் இன்று அடுத்த தெருக்கள் பல உண்டு.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டா. தாய்லாந்து உலகப் புகழ் பெற்ற உல்லாச நாடு. 2019-இல் ஏறக்குறைய 4 கோடி வெளிநாட்டினரை வரவேற்ற நாடு. 2024-இல் 3 கோடியே 55 லட்சம் பேர் வந்தனர். 2025-இல் 3 கோடியே 30 லட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டது. 2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவர் தாய்லாந்துக்கு வரவழைக்கப்பட்டு, எல்லை கடந்து மியன்மாரில் உள்ள மோசடிக் கும்பலிடம் கொண்டு செல்லப்பட்டார். அவர் மீட்கப்பட்டார், ஆனால் செய்தி சீனம் முழுதும் பரவிற்று. சீனர் வருகை வெகுவாக இறங்கிற்று. ஒரு மனிதருக்கு நேர்ந்த இடர், பல லட்சம் மனிதரின் கால்களைத் திருப்பிவிட்டது. அச்சத்திற்கு அத்துணை ஆற்றல்.

இனி இலங்கையின் பிற்கதையைக் கேளுங்கள். வரிசைகள் மறைந்தன, விளக்குகள் எரிந்தன, தேர்தல் அமைதியாக நடந்தது. 2023-இல் 14,87,303 பேர் வந்தனர். 2024-இல் 20 லட்சத்தைக் கடந்தனர். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் அத்தீவைத் தாக்கி, நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கவர்ந்தது, மலைகள் சரிந்தன, பாலங்கள் உடைந்தன. அப்படியிருந்தும் அவ்வாண்டின் மொத்தத் தொகை 2018-ஆம் ஆண்டின் உச்சத்தையும் சற்றே தாண்டிற்று. ஆழிப்பேரலை கற்பித்த பாடத்தையே புயலும் கற்பித்தது.

பிறர் வீட்டுக் குறையை அளந்தது போதும். நம் வீட்டை நோக்குவோம். 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற்கு வந்த வெளிநாட்டினர் வருகை 68 லட்சத்திற்கு மேல் என்று மத்திய அரசின் சுற்றுலாக் கணக்குக் காட்டிற்று. மாநிலங்களுள் அதுவே முதலிடம். 2023-இல் அது 12 லட்சத்தையும் எட்டவில்லை. மராட்டியமும் குஜராத்தும் நம்மை முந்திச் சென்றுவிட்டன. மாமல்லபுரத்துச் சிற்பம் தேயவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் தாழவில்லை. ஆகவே, குறையை வேறிடத்தில் தேட வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்த வெளிநாட்டு அம்மையார் சாக்கடையில் கால் வைத்ததை நான் கண்டிருக்கிறேன். தனியே நடந்து சென்ற இளம்பெண்ணைப் பின்தொடர்ந்து, இளைஞர் நால்வர் கைப்பேசியில் படம் பிடித்ததையும் கண்டிருக்கிறேன். அவர்களுள் இருவர் என் பழைய மாணவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தோம், எதிரே வருபவரின் அச்சத்தை அறியக் கற்பித்தோமா என்ற கேள்வி என்னை வாட்டிற்று.

அரசினர் செய்யவேண்டியவை உள. சாலையும் கழிப்பறையும் விளக்கும் வேண்டும். அளவான கட்டணமும் எளிய அனுமதியும் வேண்டும். ஆனால் அவற்றிற்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு. நம் ஊர்ப் பெண் இருட்டிய பின் அச்சமின்றி நடக்கும் தெருவில்தான் அயல்நாட்டுப் பெண்ணும் நடப்பாள். நம் ஊர்த் தொழிலாளி நியாயமான கூலி பெறும் ஊரில்தான் வெளியாரிடம் நியாயமான கூலி கேட்கப்படும். சாதியாலும் மதத்தாலும் தெரு பிளவுபட்டுக் கிடக்கும் ஊரில், எவ்வளவு வண்ண விளம்பரம் ஒட்டினாலும் விருந்தினர் நிலைக்க மாட்டார். விருந்தினருக்கென்று தனியே ஓர் அமைதியை உண்டாக்க இயலாது. வீட்டார் பெற்றிருக்கும் அமைதியிலேதான் அவருக்குப் பங்கு தர இயலும்.

நிலாவெளிச் சமையற்காரரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முகாமில் வாழ்ந்தபின், போர் முடிந்த சில ஆண்டுகளில் அவர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். வீடு இருந்த இடத்தில் புதர் மண்டியிருந்ததாம். என் பழைய மாணவன், அவர் மகன், உறவினர் உதவியோடு ஆறே அறைகள் கொண்ட சிறு விடுதி ஒன்றை இப்போது நடத்துகிறான். தந்தையார் முதுமையிலும் அடுப்பருகே நிற்கிறாராம். 2024-இல் நான் அங்கே சென்று ஒருநாள் தங்கினேன். அவர் சமைத்த மீன் குழம்பை, நான் சைவன் ஆதலால், உண்ணும் பேறு எனக்கு இல்லை. பருப்பும் பொரியலும் பரிமாறினார். அடுத்த மேசையில் வெளிநாட்டினர் இருவர் மீன் குழம்பை விரல்களால் உண்டுகொண்டிருந்தனர்.

பரிமாறிய அவருடைய கையைப் பார்த்தேன். முதுமையால் தளர்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

“அவர்கள் எப்போது திரும்பி வரத் தொடங்கினார்கள், ஐயா?” என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். “முதல்ல நாங்கள் வந்தம், சேர். பிறகுதான் அவையள் வந்தினம்” என்றார்.

நேயர்களே, ஒரு நாடு தன் விருந்தினரை ஏன் இழக்கிறது என்ற வினாவிற்கும், எவ்வாறு மீண்டும் பெறுகிறது என்ற வினாவிற்கும் நான் அறிந்த விடை அதுவே. நம் ஊரில் நம்மவர் அச்சமின்றி, பசியின்றி, மானத்தோடு வாழ வழி செய்வோம். விருந்தினரை நாம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவர்களே வழி கேட்டுக்கொண்டு வருவார்கள்.